கிணற்றுச் சுவரிற் படிந்த கஞ்சி

மண்ணெண்ணெயும் பெற்றோலும் நிலத்தின் ஆழத்திலிருந்து வருகின்றன என்பதைக் கீழ்வகுப்பு மாணவனும் அறிவான். அந்த எண்ணெயை எட்டுவதற்காகத் துளைக்கப்படும் கிணற்றைக் காப்பதிற் சோளக் கஞ்சிக்கும் ஒரு பங்குண்டு என்று நான் சொன்னால், கற்றவர்களே என்னை ஏற இறங்கப் பார்க்கின்றனர். சென்ற மாதம் எங்கள் ஊர் வாசிகசாலையில் இந்தப் பேச்சு எழுந்தபோது, தமிழ்ப் பண்டிதரான நண்பரொருவர், "கம்பனைப் பற்றி எல்லாரும் எழுதுகின்றனர், நீர் கஞ்சியைப் பற்றி எழுதுமே" என்றார். அவர் பகிடியாகத்தான் சொன்னார். ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கஞ்சி என்ற சொல்லைக் கேட்டால் என் நினைவுக்கு வருவது ஒரு பாலைவனத்து இரவு. அவ்விரவைப்பற்றி இதுவரை எவருக்கும் நான் முழுமையாகச் சொன்னதில்லை.

1981ஆம் ஆண்டு, இரசாயன ஆசிரியனாயிருந்த நான் சம்பளமற்ற விடுப்புப் பெற்று வளைகுடா நாடொன்றுக்குச் சென்றேன். தங்கையின் கலியாணமும் வீட்டின்மேல் இருந்த ஈடுமே காரணங்கள். எனக்குக் கிடைத்தது எண்ணெய்க் கிணறு துளைக்குமிடத்திற் சேற்றைப் பரிசோதிக்கும் உதவியாளன் வேலை. சேறு என்று எழுதுவதைக் கண்டு வாசகர்கள் முகஞ் சுளிக்க வேண்டாம். அங்கே எந்த நாட்டாரும் அதனை 'மட்' என்றே அழைத்தனர். அதற்கென ஒரு பொறியியலாளர், ஓர் ஆய்வுகூடம், நாளொன்றுக்கு ஆறு முறை எழுதவேண்டிய ஒரு பதிவேடு ஆகியன இருந்தன. அரண்மனைக் கணக்கப்பிள்ளையும் தன் ஏட்டுக்கு அத்துணை மதிப்புக் கொடுத்திருக்கமாட்டான்.

எண்ணெய்க் கிணறு நம்மூர்க் கிணறுபோல மனிதன் இறங்கித் தோண்டுவதன்று. பல் வைத்த உருக்குத் தலையொன்றை நீண்ட குழாய்களின் முனையிற் பூட்டி, மேலிருந்து அக்குழாயைச் சுழற்றுகின்றனர். குழாய் உள்ளே பொள்ளலானது. அதனூடாகச் சேற்றை அமுக்கத்துடன் கீழே செலுத்த, அது தலையிலுள்ள துவாரங்கள் வழியே பாய்ந்து, அரைந்த கற்பொடியையும் வாரிக்கொண்டு, குழாய்க்கும் கிணற்றுச் சுவருக்கும் இடைப்பட்ட வெளியால் மேலேறி வருகின்றது. மேலே சல்லடையிற் கற்பொடியை நீக்கிவிட்டு, அதே சேற்றை மீண்டும் உள்ளே அனுப்புவர். இரவும் பகலும் ஓயாத சுற்று. துளைக்குந் தலையைக் குளிரச் செய்வதும், பம்பு நின்றபோது கற்பொடி கீழே விழுந்துவிடாமற் பிடித்திருப்பதும், தன் பாரத்தால் நிலத்தினுள் அடைபட்ட வாயுவும் உப்புநீரும் சீறி எழாமல் அமுக்கி வைத்திருப்பதும் இச்சேற்றின் தொழில்களாம்.

1901ஆம் ஆண்டு சனவரி 10ஆந் திகதி, டெக்சாசு மாநிலத்திற் பியூமொன்ற் என்னும் ஊருக்கு அருகே, ஸ்பிண்டில்டொப் மேட்டில் எண்ணெய் விண்ணளாவச் சீறி எழுந்தது. அக்கிணற்றைத் துளைத்த ஹமில் சகோதரர், மணற்படையிற் சுவர் இடிந்து விழுவதைத் தடுக்க வழி தெரியாது, குளமொன்றில் மாடுகளை இறக்கி மிதிக்கச் செய்து, கலங்கிய நீரைக் கிணற்றினுட் செலுத்தினர் என்றொரு கதை தொழிலாளரிடையே வழங்குகின்றது. வயலிற் சேறு மிதித்த பரம்பரையிற் பிறந்த எனக்கு அக்கதை மிகப் பிடித்திருந்தது.

இனிக் கஞ்சிக்கு வருவோம்.

கிணற்றிலுள்ள சேற்றின் அமுக்கம், சுவரிலுள்ள பாறையின் நுண்துளைகளில் இருக்கும் நீரின் அமுக்கத்திலும் சற்றுக் கூடியதாக இருத்தல் வேண்டும். இல்லையேற் பாறையிலுள்ளது கிணற்றுக்குள் பாயும். ஆனால் அமுக்கம் கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு நீர் செல்வது இயற்கை. எனவே சேற்றிலுள்ள நீர் பாறைக்குட் புகுகின்றது. களிமண் துணிக்கைகள் பெரியவையாகையாற் புகமுடியாமற் சுவரிலே படிகின்றன. தேங்காய்ப்பூவைத் துணியிலிட்டுப் பிழியும் பெண்கள் இதனை நன்கறிவர். முதலிற் பால் பீறிக்கொண்டு வரும். பின்னர் துணியின் கண்கள் அடைபட, எவ்வளவு முறுக்கினும் சொட்டுச் சொட்டாகவே வரும். கிணற்றுச் சுவரிற் படியும் அப்படிவை ஆங்கிலேயர் அப்பத்தின் பெயரால் அழைப்பர்; நான் அதனைச் சுவரப்பம் என்கிறேன். பாறைக்குட் செல்லும் நீரே வடிதிரவம். இந்த வடிதலைக் குறைப்பதே நம் கஞ்சியின் வேலை.

இதனை வேறொரு நட்டத்துடன் மயங்கலாகாது. சுண்ணாம்புக் கல்லிற் பெரும் வெடிப்போ குகையோ எதிர்ப்பட்டால் நீர் மட்டுமன்று, சேறு முழுவதுமே மறைந்துவிடும். புத்தூர் நிலாவரைக் கிணற்றின் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. அத்தகைய பிலத்தினுள் எத்தனை பீப்பாய்ச் சேற்றை ஊற்றினும் போய்க்கொண்டே இருக்கும். அதற்கு மருந்து மரத்தூள், தும்பு, ஓடு முதலிய முரட்டுப் பொருள்கள். வடிதலோ கண்ணுக்குப் புலப்படாத நட்டம். மேலே தொட்டியிற் சேறு குறைவதாகவே தெரியாது. அதனாலேயே அது வஞ்சகமானது.

வடிதல் மிகுந்தால் விளையுந் தீங்குகள் பல. புகுந்த நீர் களிப்பாறையை ஊதவைத்துச் சுவரை இடியச்செய்யும். எண்ணெய் உள்ள படையின் துளைகளைக் கெடுத்து, பின்னர் எண்ணெய் வரும் வழியையே அடைத்துவிடும். ஆயினும் துளைப்பவர்கள் பெரிதும் அஞ்சுவது குழாய் ஒட்டிக்கொள்வதற்கே. நீர் மிகுதியாக வடிந்தாற் சுவரப்பம் தடிக்கும். குழாய் அசையாது சிறிது நேரம் சுவரிற் சாய்ந்திருந்தால் அத்தடித்த அப்பத்தினுட் புதையும். அப்பொழுது குழாயின் ஒரு பக்கத்திற் சேற்றின் அமுக்கம். மறுபக்கத்திற் பாறையின் குறைந்த அமுக்கம். இடையிலுள்ள வித்தியாசம் முழுவதும் குழாயைச் சுவரோடு சேர்த்து அழுத்துகின்றது.

வாசகர்கள் ஒரு கணக்கைப் பொறுத்தருள வேண்டும். 2000 மீற்றர் ஆழம். சேற்றின் அடர்த்தி நீரினது போல் 1.2 மடங்கு. அங்கே சேற்றின் அமுக்கம் சதுர சென்ரிமீற்றருக்கு 240 கிலோகிராம். பாறையிலுள்ள உப்புநீரின் அமுக்கம் ஏறத்தாழ 210. வித்தியாசம் 30; எங்கள் பழைய அளவையிற் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 425 இறாத்தல். மூன்று அங்குல அகலத்தில் ஐம்பது அடி நீளத்துக்குக் குழாய் ஒட்டியிருந்தால் ஒட்டிய பரப்பு 1800 சதுர அங்குலம். எனவே குழாயை அழுத்தும் விசை 765,000 இறாத்தல். உராய்வு அதில் ஐந்திலொன்று என்று கொண்டாலும், இழுத்தெடுக்க 153,000 இறாத்தல், அதாவது 68 தொன் விசை மேலதிகமாகத் தேவை. குழாயின் சொந்தப் பாரம் வேறு. இவ்வாறு ஒட்டுவதற்குக் காரணம் அமுக்க வித்தியாசமே என்பது 1957ஆம் ஆண்டில் ஹெல்மிக், லோங்லி என்னும் இருவர் எழுதிய கட்டுரையால் தெளிவாயிற்று. அதுவரை ஒட்டிய குழாய்களுக்கெல்லாம் சுவர் இடிந்ததென்றோ துளைப்பவன் கவலையீனனென்றோ காரணம் கூறிவந்தனர்.

சுவரப்பம் மெல்லியதாக இருந்தால் ஒட்டும் அகலமும் குறையும். தடிப்பை நான்கிலொன்றாக்கினால் அகலம் ஏறத்தாழப் பாதியாகும். ஆகவே தாள்போல் மெல்லியதும் வழுவழுப்பானதும் நீர் புகாததுமான படிவு வேண்டும். பெந்தோனைற்று என்னும் களிமண் நன்னீரில் அத்தகைய படிவைத் தானே தரும். அதன் துணிக்கைகள் மிக நுண்ணிய தகடுகள், ஓடு வேய்ந்தாற்போல் ஒன்றன்மேலொன்று படிந்துகொள்ளும். உப்பு வந்து சேர்ந்தாலோ கதை மாறும். தகடுகள் ஒன்றோடொன்று கூடித் திரண்டு கட்டியாகும். கட்டிகளின் இடையால் நீர் தடையின்றி ஓடும். மேற்கு டெக்சாசில் தடித்த உப்புப் படைகளைத் துளைக்க நேர்ந்தபோது இது பெருந் தொல்லையாயிற்று. 1930களின் இறுதியில் அங்கே கையாளப்பட்ட மருந்துதான் மாப்பொருள். சோளத்திலிருந்தோ உருளைக்கிழங்கிலிருந்தோ எடுத்த மாவை வேகவைத்து உலர்த்திச் சேற்றிற் கலந்தனர். அதாவது கஞ்சி.

கஞ்சி எவ்வாறு வேலைசெய்கின்றது? மாப்பொருள் என்பது குளுக்கோசுக் கூறுகள் ஆயிரக்கணக்கிற் கோத்த நெடுஞ்சங்கிலி. இத்தகைய சங்கிலி மூலக்கூறுகளையே பல்பகுதியம் என்கிறோம். வெந்த மாத்துணிக்கை நீரை உறிஞ்சி ஊதி, மெத்தென்று, நசுங்கக்கூடியதாக இருக்கும். களிக்கட்டிகளிடையே உள்ள சந்துகளில் அமுக்கம் அதனைத் தள்ள, அது வளைந்து நசுங்கி அச்சந்தின் உருவத்தையே எடுத்து அடைத்துவிடும். கல்லால் அடைத்த ஓட்டையில் நீர் கசியும். பிசைந்த மாவால் அடைத்தாற் கசியாது. உப்பு இதற்கு எதிரியன்று. உப்புச் செறிந்த நீர் மாவைப் பழுதாகாமலுங் காக்கும். மாப்பொருளின் பகைவர் இருவர்: ஒருவர் சூடு, ஏறத்தாழ 120 பாகை செல்சியசுக்கு மேல் அது சிதைந்துபோம்; மற்றவர் பற்றீரியா. நமது வீட்டுக் கஞ்சி எவ்வாறு புளிக்குமோ அவ்வாறே கிணற்றுக் கஞ்சியும் புளிக்கும். புளிக்காதிருக்க உப்பைச் செறிய விடவேண்டும், அல்லது சுண்ணாம்பு, எரிகாரம் முதலியவற்றால் மிகுந்த காரத்தன்மை தரவேண்டும், அல்லது போமல்டிகைட்டு வகை நச்சு மருந்திடவேண்டும்.

மாவுக்குப் பின் வந்தது செலுலோசு. முதலாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில் செர்மனியிற் பிறந்த காபொட்சிமெதயில் செலுலோசு, 1940களின் நடுப்பகுதியிற் கிணற்றுச் சேற்றில் இடம்பெற்றது. தொழிலிடத்தில் அதனைச் சீ.எம்.சீ. என்பர். மரக்கூழையோ பஞ்சையோ காரத்தோடும் குளோரோ அசற்றிக்கமிலத்தோடும் சேர்த்துச் செய்வது. அதன் சங்கிலியெங்கும் எதிர்மின்னேற்றம் இருப்பதால், களித் தகடுகளிற் சென்று பற்றி அவற்றை ஒன்றையொன்று விலக்கச் செய்கின்றது. பிரிந்து நிற்கும் தகடுகள் நெருக்கமாகப் படியும். மாவைப்போல் எளிதிற் புளிக்காது. எனினும் கல்சியம் மிகுந்த நீரில் அதன் ஆற்றல் குன்றும். இக்குறையைப் போக்கும்வண்ணம் மேலும் திருத்திய செலுலோசு வகை பின்னர் வந்தது. 1950களில் அக்கிரிலிக் வகைப் பல்பகுதியங்களும் வரலாயின. இவை உயிர்ப்பொருளிலிருந்து பெறப்படாதவையாகையாற் பற்றீரியாவுக்கு உணவாவதில்லை. இப்போது ஏறத்தாழ 200 பாகைச் சூட்டையும் பொறுக்குஞ் செயற்கைப் பொருள்கள் உள்ளன.

இவ்விடத்தில் ஒரு சிறு விலகல். நாம் கறிவைத்துண்ணும் கொத்தவரையின் விதைப் பிசினும் எண்ணெய்த் தொழிலுக்குப் போகின்றது. ஆனால் அதன் பெருஞ் செலவு துளைக்கும் சேற்றிலன்று. பாறையை அமுக்கத்தால் வெடிக்கச் செய்யும் நீரைத் தடிக்கவைப்பதிலாகும். அமெரிக்காவில் அவ்வேலை பெருகியபோது, 2012ஆம் ஆண்டளவில், இராசத்தான் கமக்காரரிடம் கொத்தவரை விதை பொன்போல் விலைபோயிற்று. பின்னர் விலை விழுந்தது. கறிச்சட்டியில் வதங்கவேண்டியது உலகச் சந்தையில் வதங்கிற்று.

பண்டித நண்பரிடம் இதையெல்லாம் விரித்தபோது அவர் தேற்றாங்கொட்டையைப் பற்றிக் கேட்டார். கெட்டிக்காரக் கேள்வி. கலங்கிய நீர்க்குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்தால், அதிலிருந்து கரையும் நெடுமூலக்கூறுகள் களித் துணிக்கைகளைப் பாலமிட்டுப் பிணைத்துத் திரளச்செய்து, அடியிற் படியவிடுகின்றன. கலித்தொகையின் நெய்தற்கலியில், கலங்கிய உள்ளம் தெளிந்ததற்கு இவ்விதையால் தெளிந்த நீர் உவமையாக வருவதை அவர் எனக்கு நினைவூட்டினார். கிணற்றுச் சேற்றிற் சீ.எம்.சீ. செய்வது இதற்கு நேர்மாறு: தெளியவிடாமற் கலங்கியபடியே வைத்திருப்பது. இரண்டும் சங்கிலி மூலக்கூறுகளே. ஒன்று சேர்க்கும், ஒன்று பிரிக்கும். மாமியாரும் மருமகளும் ஒரே குலத்தவர்தாமே என்றார் நண்பர்.

சேற்றின் வடிதலை அளக்கும் கருவி எளியது. ஓர் உருக்குக் கிண்ணம். அதன் அடியில் வடிதாள். சேற்றை ஊற்றி மூடி, வாயுவாற் சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் அமுக்கம் கொடுத்து, 30 நிமிடம் வைப்பர். கீழே குழாயால் வடியும் நீரை அளவுருளையில் ஏந்தி, இத்தனை கன சென்ரிமீற்றர் என்று எழுதவேண்டும். பின்னர் கிண்ணத்தைத் திறந்து, தாளிற் படிந்த அப்பத்தின் தடிப்பை அங்குலத்தின் முப்பத்திரண்டில் இத்தனை பங்கு என்று அளந்து, விரலால் தொட்டு, உறுதியானதா குழைவானதா என்றுங் குறிக்கவேண்டும்.

முப்பது நிமிடம் நெடுநேரமன்று. ஆயினும் நாளொன்றுக்கு ஆறு முறை செய்பவனுக்கு அது யுகமாகத் தோன்றும். இங்கேதான் ஒரு குறுக்குவழி உண்டு. வடிய வடிய அப்பம் தடிக்கும். தடித்த அப்பமே மேலும் வடிவதைத் தடுக்கும். இதனால் வடிந்த நீரின் அளவு நேரத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதசமமாகும் என்று 1938இல் லார்சென் என்பவர் காட்டினார். ஏழரை நிமிடம் என்பது முப்பது நிமிடத்தின் காற்பங்கு. காலின் வர்க்கமூலம் அரை. ஆகவே ஏழரை நிமிடத்தில் வடிந்ததை இரட்டித்தால் முப்பது நிமிடத்து அளவு கிடைக்கும். தொழில் பழகியவர்கள் எல்லாரும் அறிந்த வழி இது. கணக்கிற் பிழையில்லை.

எனக்கு மேலே இருந்த பொறியியலாளர் நாகபட்டினத்துப் பக்கத்தவர். காவிரிப் படுகையிற் கிணறுகள் துளைத்த இடங்களில் தொழில் பழகியவர். என்னைத் தம்பி என்பார். நான் ஐயா என்பேன். "இரட்டிக்கலாம், தம்பி. அவசரத்துக்கு இரட்டிக்கலாம். பழக்கத்துக்கு இரட்டிக்காதே" என்று முதல் வாரத்திலேயே சொல்லிவைத்தார்.

அந்த இரவு நாங்கள் ஏறக்குறைய 2000 மீற்றர் ஆழத்தில் மணற்பாறை ஒன்றைத் துளைத்துக்கொண்டிருந்தோம். சேறு உவர்நீரிற் கலந்தது, ஆனால் உப்புச் செறியாதது. வடிதலைக் குறைக்க மாப்பொருள் இட்டிருந்தோம். புளிக்காமற் காக்கும் மருந்தின் பீப்பாய்கள் வரவேண்டிய லொறி இரண்டு நாள் தாமதித்திருந்தது. மாலை ஆறு மணிக்கு என் முறை தொடங்கிற்று. ஏழரை நிமிடம் வைத்து, நான்கு கன சென்ரிமீற்றர் வடிய, இரட்டித்து எட்டு என்று எழுதினேன். அன்று மாலை வீட்டிலிருந்து கடிதம் வந்திருந்தது. தங்கையின் நாள் குறித்தாயிற்று. தாலிக்கும் கூறைக்கும் இன்னும் இத்தனை வேண்டும் என்று அம்மா எழுதியிருந்தா. பதில் எழுத உட்கார்ந்தேன். ஒரு கடிதம் மூன்று கடிதமாயிற்று. பத்து மணிப் பரிசோதனையைச் செய்யவில்லை. எட்டு என்று எழுதினேன். இரண்டு மணிக்கும் செய்யவில்லை. எட்டு என்றே எழுதினேன்.

இரண்டு மணியளவிற் சேற்றுத் தொட்டிகளின் பக்கமாக ஒருமுறை நடந்தேன். காற்றில் ஒரு மணம் வந்தது. புளித்த கஞ்சியின் மணம். அதிகாலையிற் பழஞ்சோற்றுப் பானையைத் திறக்கும்போது எழும் அதே மணம். அம்மா அதில் வெங்காயமும் பச்சைமிளகாயும் பிசைந்து, தயிர் விட்டுத் தருவா. ஈராண்டாக அந்த மணத்தை நான் அறிந்ததில்லை. பாலைவனத்தின் நடுவே நின்று, அதை நெஞ்சு நிறைய இழுத்தேன். ஓர் இரசாயன ஆசிரியன் இவ்வாறு செய்தான் என்று எழுத வெட்கமாகவே இருக்கிறது. மாப்பொருள் அழிகிறது என்று அந்த மணம் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதனை வீட்டு முற்றமென்று விளங்கிக்கொண்டேன்.

மூன்றரை மணிக்கு இரவு முறைத் துளைப்பாளர் ஆய்வுகூடத்துக்கு வந்தார். அவர் எகிப்தியர், ஐம்பது வயது மதிக்கலாம். நான் முன்பு ஆசிரியன் என்று அறிந்த நாள்முதல் என்னை 'உஸ்தாத்' என்றே அழைப்பவர். பம்பொன்று ஒழுகுகிறது, அதை நிறுத்திப் பழுதுபார்க்க வேண்டும், ஆட்கள் போதாது, தாமும் கைகொடுக்க வேண்டும் என்றார். அப்பொழுது குழாயை அசைத்துக்கொண்டிருக்க ஆளில்லை. "சேறு எப்படி, உஸ்தாத்?" என்று கேட்டார்.

"நல்லது. எட்டு" என்றேன்.

அவர் தலையசைத்துப் போனார். குழாய் இருபத்தைந்து நிமிடம் அசையாது நின்றது. பம்பு சரியாகி, குழாயைத் தூக்க முயன்றபோது அது வரவில்லை. சுழற்ற முயன்றபோது சுழலவில்லை. ஆனாற் சேறு மட்டும் எவ்விதத் தடையுமின்றிச் சுற்றி வந்தது. சுவர் இடிந்திருந்தாற் சேறு சுற்றாது. சேறு சுற்றக் குழாய் மட்டும் பிடிபட்டிருப்பது அமுக்க வித்தியாசத்தால் ஒட்டியதற்கு அடையாளம். ஆறு மணிக்கு ஐயா எழுந்து வந்து, முப்பது நிமிடமும் இருந்து அளந்தார். இருபத்தொன்று. அப்பத்தின் தடிப்பு முப்பத்திரண்டில் நான்கு. விரல் வைத்தாற் கூழ்போல் அமிழ்ந்தது.

ஒட்டிய இடத்தில் டீசலை விட்டு ஊறவைத்தனர், இழுத்தனர், அடித்தனர். மூன்று நாள் முயன்றும் பயனில்லை. பின்னர் வெடிமருந்தாற் குழாயைத் தளர்த்திக் கழற்றி மேற்பகுதியை எடுத்து, கீழே எஞ்சிய உருக்கை அங்கேயே புதைத்து, சீமெந்தால் அடைத்து, பக்கவாட்டிற் புதிய வழி துளைத்தனர். பதினொரு நாள் வீணாயிற்று.

விசாரணை அவ்வளவு நாள் எடுக்கவில்லை. பதிவேட்டில் இரண்டு மணிக்கு எட்டு என்று இருந்தது. ஆகவே சேறு நன்றாகவே இருந்தது. பம்பு நின்று சூட்டிற் கிடந்தபின் கெட்டிருக்கலாம். குழாயை அசையாது விட்டவன் துளைப்பாளன். இவ்வாறு முடிவாயிற்று. இரண்டாம் நாள் மாலை அவரை விமான நிலையத்துக்கு அனுப்பினர். போகுமுன் எல்லாரிடமும் கைகொடுத்தார், என்னிடமும் கொடுத்தார். "கடவுள் நாடியது, உஸ்தாத்" என்றார்.

மூன்றாம் நாள் இரவு ஐயாவிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. வடிதாளை வெட்டிக்கொண்டிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"நேத்தே சொல்லியிருந்தா அவன் பிளேன் ஏறியிருக்கமாட்டான், தம்பி."

மறுநாள் என்னை அழைத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போனார். நான் எழுதிக் கொடுத்தேன். என் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிந்தது. துளைப்பாளருக்குக் கடிதம் அனுப்பியதாக அலுவலகத்திற் சொன்னார்கள். அவர் திரும்பி வந்ததை நான் இருந்தவரையிற் காணவில்லை. தங்கையின் கலியாணம் குறித்த நாளில் நடந்தது. கூறைச்சேலைக்கு நான் அனுப்பிய பணம் போதுமானதாக இருந்தது.

ஊர் திரும்பி மீண்டும் ஆசிரியனானேன். ஆய்வுகூடத்துக்கு இரசாயனப் பொருள்கள் கிடைப்பது அரிதாகவிருந்த ஆண்டுகளில், உயர்தர மாணவருக்கு வடிகட்டலைக் காட்ட இந்தச் சேற்றையே எடுத்துக்கொண்டேன். கொல்லரொருவர் ஒரு சிறு கிண்ணமும் திருகுமூடியும் செய்து தந்தார். அமுக்கத்துக்குச் சைக்கிள் பம்பு. களிக்கு முருங்கன் மண். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு ஒருகாலத்தில் ஏற்றிச் சென்ற அதே களி. காய்ந்தால் வெடித்து, நனைந்தால் ஊதும் அம்மண்ணில், பெந்தோனைற்றுக்கு அடிப்படையான மொந்மொரிலோனைற்றுக் கனியம் உண்டு. அதனை நன்னீரிற் கலந்து ஒரு முறை, கறியுப்பிட்டு ஒரு முறை, உப்போடு அரிசிக் கஞ்சியும் விட்டு ஒரு முறை வடித்தோம். உப்பிட்டதில் நீர் ஓடி வந்தது. கஞ்சி விட்டதிற் சொட்டிற்று. ஒடியல் மாவிற் காய்ச்சியதையும் ஒரு மாணவன் கொண்டுவந்தான். அதுவும் நன்றாகவே அடைத்தது.

மன்னார்த் தீவிற் பேசாலையில் 1970களில் எண்ணெய் தேடித் துளைத்ததைப் பற்றி அவர்களுக்குச் சொல்வேன். 2011இல் மன்னார்க் கடற்படுகையில் இயற்கை வாயு கண்டபோது, அந்நாளைய மாணவன் ஒருவன், இப்பொழுது பொறியியலாளன், வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் அழைத்து, "சேர், அங்கேயும் கஞ்சி விட்டிருப்பினமோ?" என்று கேட்டான். ஆழ்கடற் கிணறுகளில் எண்ணெயையே அடிப்படையாகக் கொண்ட சேறும் வழங்குகிறது, அதற்குப் பொருள்கள் வேறு என்று ஆசிரியத் தோரணையில் விளக்கினேன். அவன் சிரித்தான்.

அப்பரிசோதனையைக் கஞ்சி விட்ட நாளோடு நான் முடிப்பதில்லை. எஞ்சிய சேற்றை மூடி வைத்து, மூன்றாம் நாள் மீண்டும் வடிக்கச் சொல்வேன். ஓர் ஆண்டு, முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை மூடியைத் திறந்தவுடனேயே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"புளிச்சுப்போச்சுது, சேர். இனி நிக்காது. வடிச்சுத்தான் பாக்க வேணுமே?"

"வடியுங்கோ" என்றேன்.

பின்வரிசையில் ஒருவன், முந்திய பாடத்திற் படித்த வர்க்கமூலத்தை மறவாதவன், எழுந்து நின்றான். "ஏழரை நிமிசம் வச்சு இரட்டிப்பமே, சேர்? பிறகு விளையாட்டுப் பாடம்."

கணக்கு சரி என்று அவனிடம் சொன்னேன். பிறகு மணிக்கூட்டைக் கழற்றி மேசைமேல் வைத்து, கதிரையை இழுத்துப் போட்டு, கிண்ணத்தின் அருகே உட்கார்ந்தேன்.